மாற்று ஆட்டக்காரனுக்கும் மைக் கிடைக்கும்

கேள்வி: டெக்சாஸில் 20 ஆண்டுகளாக வசிக்கிறோம். இங்கேயே பிறந்த எங்கள் மகன், கல்லூரி விளையாட்டின் உயர்மட்டமான முதல் டிவிஷனில், ஒரு பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்). இரண்டாம் ஆண்டில் கணக்கியல் படிக்கிறான். இதழியலுக்கு மாறப் போகிறானாம். "சில வருடம் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடிவிட்டு டிவி வர்ணனைக்குப் போய்விடுவேன்" என்கிறான். களத்தில் இறங்கவே வாய்ப்பில்லாதவனை டிவியில் யார் உட்கார வைப்பார்கள்? சம்மதிக்கலாமா?

பதில்: உங்கள் மகனின் ஆசையில் டிவி என்ற பாதி நடக்கக்கூடியது. என்எஃப்எல் என்ற பாதியை நம்பி எதையும் தள்ளிப்போட வேண்டாம். கல்லூரி ஆட்டக்காரர்களில் அங்கே போய்ச் சேருபவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

டிவி வர்ணனையாளர் கர்க் ஹெர்ப்ஸ்ட்ரீட்டை உங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் பார்த்திருப்பீர்கள். ஓஹையோ ஸ்டேட் அணியில் பல ஆண்டு மாற்று ஆட்டக்காரராகக் காத்திருந்து, 1992இல், கடைசி ஆண்டில்தான், முதன்மை குவார்ட்டர்பேக் ஆனார். என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கொலம்பஸ் நகர வானொலியில் பேசத் தொடங்கி, 1996இல் இஎஸ்பிஎன் விளையாட்டு டிவியின் 'காலேஜ் கேம்டே' நிகழ்ச்சிக்கு வந்தார். 2022 முதல் அமேசானில் என்எஃப்எல் ஆட்டங்களுக்கும் அவர்தான் வர்ணனை. அவர் படித்தது வணிக நிர்வாகம்!

இன்னொரு குவார்ட்டர்பேக் டிம் டீபோவின் பாதை வேறு. 2007இல் இரண்டாம் ஆண்டு மாணவராகவே சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதை வென்ற முதல் ஆட்டக்காரர் அவர். 2012 ஜனவரியில் என்எஃப்எல்லில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரான கூடுதல் நேரத்தின் முதல் நகர்விலேயே, 80 கெஜ டச்டவுனாக முடிந்த வெற்றிப் பந்தை எறிந்தவர். அப்படிப்பட்டவருக்கே என்எஃப்எல் களம் மூன்று பருவங்களோடு முடிந்துவிட்டது. 2014இல் எஸ்இசி நெட்வொர்க் என்ற கல்லூரி விளையாட்டு டிவியில், ஆட்டத்தை அலசி விளக்கும் ஆய்வாளராக அமர்ந்தார். அவ்வளவு பெரிய பெயர் இருந்தால் கதவு தானாகத் திறக்கும். உங்கள் மகன் தட்டித்தான் திறக்க வேண்டும்.

தட்டுவதற்கு அவனிடம் கருவி இருக்கிறது. மாற்று குவார்ட்டர்பேக் அணியின் ஆட்டத் திட்டம் முழுவதையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு காணொளி அலசலிலும் உட்கார வேண்டும். வர்ணனையில் ஆய்வாளருக்குத் தேவைப்படுவது அந்த அறிவுதான். ஆனால் அதைச் சொல்லக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு நகர்வு முடிந்து அடுத்ததைத் தொடங்குவதற்கான கடிகாரம் 40 விநாடி ஓடும். அதில் மறுஒளிபரப்பும் போகும். பந்து எடுக்கப்படும் முன் பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஒலியை அணைத்துவிட்டு ஒரு ஆட்டத்தைப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு நகர்வும் ஏன் பலித்தது, ஏன் பலிக்கவில்லை என்று 15 விநாடியில் சொல்லிப் பதிவு செய்யட்டும். முதல் பதிவைக் கேட்க அவனுக்கே கூச்சமாக இருக்கும். இருபதாவதில் வித்தியாசம் தெரியும்.

பல பல்கலைக்கழகங்கள் தங்கள் கூடைப்பந்து, பேஸ்பால் ஆட்டங்களை மாணவர்களைக் கொண்டே இணையத்தில் ஒளிபரப்புகின்றன. அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்ததும் அங்கே போய் நிற்கட்டும். கேமராவோ மைக்கோ, எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளட்டும்.

படிப்பை மாற்றுவதில்தான் எனக்குக் கவலை. முதல் டிவிஷனில் ஆட, மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் தன் பட்டத்துக்கான பாடங்களில் 40 சதவீதத்தை முடித்திருக்க வேண்டும். நான்காம் ஆண்டுக்கு முன் 60 சதவீதம். கணக்கியலில் எழுதித் தேறிய பாடங்கள் எல்லாம் இதழியல் பட்டத்துக்குக் கணக்காகாது. சதவீதம் குறைந்தால் ஆடும் தகுதி போய்விடும். உதவித்தொகையும் ஆட்டத்தோடு கட்டுண்டிருந்தால் அதற்கும் ஆபத்து. மாற்றப் படிவத்தில் கையெழுத்திடும் முன், விளையாட்டு வீரர்களுக்கான கல்வி ஆலோசகரிடம் எந்தப் பாடங்கள் செல்லும் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். நிறையப் பாடங்கள் வீணாகும் என்றால், கணக்கியலிலேயே இருந்து, இதழியலைத் துணைப்பாடமாக எடுக்கட்டும்.