வீட்டுக் கணினிக்கு எந்த லினக்ஸ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2016-இல் வாங்கிய என் மடிக்கணினியில் 8 ஜிபி ரேம் இருக்கிறது, பழுது எதுவும் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்க மறுக்கிறது. லினக்ஸுக்கு மாறலாம் என்று தேடினால் நூற்றுக்கணக்கான பெயர்கள் வந்து நிற்கின்றன. மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, கடிதம் தட்டச்சு ஆகியவற்றைத் தாண்டி எதுவும் செய்யாத எனக்கு எது சரிப்படும்? ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள்.

பதில்: ஒரே ஒரு பெயர் என்றால் லினக்ஸ் மின்ட், அதிலும் சின்னமன் என்ற திரைமுகப்போடு வரும் பதிப்பு. இதற்கு மேல் படிக்காமல் அதை நிறுவிக்கொண்டாலும் உங்களுக்குக் குறை ஒன்றும் வராது. ஆனாலும் காரணம் தெரிந்து மாறுவது நல்லது என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன்.

உங்கள் கணினி ஒதுக்கப்பட்டது அது தளர்ந்துபோனதால் அன்று. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சத்தைக் கட்டாயமாக்கியிருப்பதோடு, இன்டெல் செயலி என்றால், ஓரிரு விதிவிலக்குகள் நீங்கலாக, 8-ஆம் தலைமுறையையோ அதற்குப் பிந்தையதையோதான் ஏற்கிறது. 2016-இல் விற்பனையான கணினிகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. அதே கணினி மின்ட் கேட்பதைவிட அதிக வலுவோடு இருக்கிறது. மின்ட்டுக்குக் குறைந்த அளவு 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி. வட்டில் 20 ஜிபி இடம் இருந்தால் நிறுவிவிடலாம், 100 ஜிபி ஒதுக்கினால் பிறகு நெருக்கடி இராது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியை அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

பெயர்கள் இத்தனை இருப்பதைக் கண்டு மலைக்காதீர்கள். லினக்ஸ் என்பது, சரியாகச் சொன்னால், இயங்குதளத்தின் கருவுக்கு மட்டுமே உரிய பெயர். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்டது அந்தக் கருவைத்தான். அதனோடு குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தின் கருவிகள், திரைமுகப்பு, உலாவி, அலுவலக மென்பொருள் ஆகியவற்றைச் சேர்த்து, அப்படியே நிறுவத்தக்க ஒரு கட்டாகத் தருவதை வழங்கல் என்கிறோம். மூலநிரல் திறந்து கிடப்பதால் யார் வேண்டுமானாலும் ஒரு வழங்கலைக் கட்டலாம், கட்டியும் இருக்கிறார்கள். ஆனால் வேரைப் பார்த்தால் குடும்பங்கள் சிலவே. 1993-இல் தொடங்கிய டெபியன், அதன் மீது 2004-இல் கட்டப்பட்ட உபுண்டு, உபுண்டுவின் மீது 2006-இல் எழுந்த மின்ட் என்பது ஒரு குடும்பம். இதில் உங்களுக்கு ஓர் ஆதாயம் உண்டு: உபுண்டுவுக்கென்று யாரோ எழுதிவைத்த தீர்வு பெரும்பாலும் மின்ட்டுக்கும் பொருந்தும்.

தொடக்கக்காரர்களுக்கு நான் முதலில் பார்ப்பது அழகை அன்று, ஆதரவுக் காலத்தை. மின்ட் 22 தொடர், உபுண்டு 24.04 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்பின் மீது அமைந்தது. 2029 ஏப்ரல் வரை அதற்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும். (உபுண்டு எண்களில் முன்னது ஆண்டு, பின்னது மாதம், 24.04 என்றால் 2024 ஏப்ரல்.) இடையில் இயங்குதளத்தை மாற்றும் தொல்லை உங்களுக்கு இல்லை. அடுத்து, சின்னமன் திரையின் கீழ்ப்பட்டை, இடது மூலையில் பட்டியல், வலது மூலையில் கடிகாரம் என்ற அமைப்பு, இத்தனை ஆண்டுகள் விண்டோஸில் பழகிய கைக்கு உடனே பிடிபடும்.

மற்றவற்றைப் பற்றியும் ஒரு சொல். உபுண்டுவின் திரையில் பட்டை இடப்புறம் நிற்கும். அது பிடித்துவிட்டால் அதையே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. அயர்லாந்திலிருந்து வரும் ஜோரின், விண்டோஸிலிருந்து வருபவர்களை மனத்தில் வைத்தே செய்யப்படுவது. மின்ட்டின் தோற்றம் பழையதாகத் தெரிகிறதே என்பவர்கள் அதைப் பார்க்கலாம். ஃபெடோரா தரமானதுதான், ஆனால் அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்களே என்பதால் முதல் ஆண்டிலேயே மேம்படுத்தும் வேலை வந்து சேரும். ஆர்ச் லினக்ஸ், தச்சு வேலை தெரிந்தவருக்கு மரத்தையும் உளியையும் கொடுப்பது போன்றது. நாற்காலி தேடி வந்தவருக்கு அது வேண்டாம். காலி லினக்ஸைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டியிருக்கிறது: அதன் கறுப்புத் திரையில் மயங்கிப் பல இளைஞர்கள் அதையே முதலில் நிறுவுகிறார்கள். அது பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் கருவிப்பெட்டி. லினக்ஸ் அறியாதவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று அதை உருவாக்குபவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: நிறுவிய பிறகு வைஃபை வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வது? முன்கூட்டியே அறிய வழி உண்டா?

பதில்: உண்டு, லினக்ஸின் பெரிய வசதியே அதுதான். பென் டிரைவிலிருந்து முழு இயங்குதளத்தையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். நிறுவு என்று நீங்கள் சொல்லாதவரை வட்டில் உள்ளவை மாறுவதில்லை.

8 ஜிபி பென் டிரைவ் ஒன்றை எடுங்கள். அதில் உள்ளவை அழியும் என்பதால் வெறுமையாக இருப்பது நல்லது. மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து, முழு இயங்குதளமும் ஒரே கோப்பாக அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். அதைச் சாதாரணக் கோப்பைப் போல நகலெடுத்து ஒட்டினால் கணினி அதிலிருந்து எழாது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற சிறு மென்பொருளால் எழுத வேண்டும். எழுதும் முன், இறக்கிய கோப்பின் ஷா256 சரிபார்ப்பு எண்ணும் தளத்தில் கொடுத்திருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பலர் தாண்டிச் செல்லும் படி இது. 2016 பிப்ரவரியில் மின்ட்டின் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், 17.3 சின்னமன் பதிப்புக்கான இணைப்பைத் திருத்தி, கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழையப் பின்வாசல் வைத்த கோப்பை மக்கள் தலையில் கட்டினார்கள். ஒரு நாளைக்குள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றாலும், எண்ணைச் சரிபார்க்கும் பழக்கம் ஏன் வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நாள் போதும்.

பிறகு பென் டிரைவைச் செருகியபடி கணினியை இயக்கி, தயாரிப்பாளரைப் பொறுத்து எஃப்12, எஃப்9 அல்லது எஸ்கேப் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். மின்ட் திரை எழுந்ததும் அவசரப்பட்டு நிறுவாமல் அரை மணி நேரம் உட்காருங்கள். வலது மூலையில் வைஃபை பெயர்கள் தெரிகின்றனவா, ஒலி வருகிறதா, கேமரா படம் காட்டுகிறதா, திரை வெளிச்ச விசைகள் கேட்கின்றனவா என்று பாருங்கள். மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் கணினி விழிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்; தூங்கி எழுவதில்தான் பல மடிக்கணினிகள் சண்டித்தனம் செய்யும். வேகத்தை மட்டும் இந்த நிலையில் எடைபோடாதீர்கள். பென் டிரைவ் மெதுவானது.

வைஃபை தெரியவில்லை என்றாலும் கதை முடிந்துவிடவில்லை. கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து, அதில் யுஎஸ்பி டெதரிங்கை இயக்கினால் கணினி அதைக் கம்பிவழி இணையமாக எடுத்துக்கொள்ளும். பிறகு, வன்பொருள்களை வேலை செய்யவைக்கும் இயக்கிகளை (டிரைவர்) நிறுவித்தரும் இயக்கி மேலாளரைத் திறந்தால், உங்கள் வைஃபை சில்லுக்குத் தனி இயக்கி இருக்கும் பட்சத்தில் அதை அதுவே காட்டும். பழைய பிராட்காம் சில்லுகள் பல இந்த வழியில்தான் உயிர் பெறுகின்றன.

கேள்வி: அலுவலகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகள் லினக்ஸில் குலைந்துபோகும் என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. மின்ட்டோடு வரும் லிப்ரெஆபீஸ் அந்தக் கோப்புகளைத் திறக்கும், திருத்தும், அதே வடிவில் சேமிக்கும். மூன்று பக்கக் கடிதம் நான்காம் பக்கத்துக்கு வழிகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எழுத்துருவை. வேர்டு பல ஆண்டுகள் இயல்பாக வைத்திருந்த கலிப்ரி எழுத்துரு மைக்ரோசாஃப்ட்டின் உடைமை. லினக்ஸோடு அது வராது. அது இல்லாத இடத்தில் வேறோர் எழுத்துரு வந்து உட்காரும்போது எழுத்தின் அகலம் சற்றே மாறி, வரிக்கு ஒரு சொல் கீழே இறங்கி, பக்கம் நகர்ந்துவிடுகிறது. கலிப்ரியின் எழுத்து அகலங்களை அப்படியே கொண்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு ஈடான கலடியா என்ற இரண்டு கட்டற்ற எழுத்துருக்கள் இதற்கென்றே இருக்கின்றன. உங்கள் கணினியில் இல்லையென்றால் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுங்கள். பெரும்பாலான குலைவு அதோடு தீரும்.

தீராதவையும் உண்டு. எக்செல் கோப்பில் மேக்ரோ எழுதி வேலை செய்பவர்கள், ஃபோட்டோஷாப்பை நம்பிப் பிழைப்பவர்கள், விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு நான் மாறச் சொல்வதில்லை. அந்த ஒரு மென்பொருளுக்காகத்தான் கணினியே இருக்கிறது என்றால் இயங்குதளத்தை மாற்றுவதில் பொருளில்லை. எப்போதாவது மட்டும் வேர்டு தேவைப்படுபவர்கள் அதன் இணையவழிப் பதிப்பை உலாவியிலேயே திறந்துகொள்ளலாம்.

கேள்வி: விண்டோஸை அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் கணினியில் நிறுவும்போது, அவருடைய வெளி வன்தட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தேன். நிறுவும் மென்பொருள் எஸ்டிஏ, எஸ்டிபி என்று இரண்டு வட்டுகளின் பெயர்களைக் காட்டியது. இரண்டும் 1 டிபி. எதைத் தேர்ந்தேன் என்று சொல்லத் தேவையில்லை. அவருடைய குடும்பப் படங்கள் போயின. அன்றிலிருந்து, நிறுவும் கணினியில் பென் டிரைவைத் தவிர வேறெதையும் செருகவிடுவதில்லை.

கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்த பிறகு மூன்று காரியங்களை விண்டோஸிலேயே முடித்துவிடுங்கள். வட்டு, விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவையுங்கள். விரைவுத் தொடக்கம் என்ற அமைப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் உண்மையில் அணைவதில்லை, பாதி உறக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் உள்ள வட்டில் லினக்ஸ் எதையும் எழுத மறுக்கும். மூன்றாவதாக, வட்டு மேலாண்மையில் விண்டோஸ் பகுதியைச் சுருக்கி இடம் ஒழியுங்கள். அதன் பின் மின்ட் நிறுவியில் விண்டோஸுக்கு அருகில் நிறுவு என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒலி, காணொளிக் கோப்புகளை ஓடவைக்கும் பன்னூடக கோடெக்குகளை நிறுவவா என்று கேட்கும்போது ஆம் என்று சொல்லிவிடுங்கள்; இல்லையென்றால் சில காணொளிகள் ஓடாது.

கேள்வி: 2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் லினக்ஸ் பறக்குமா?

பதில்: பறக்காது, நடக்கும். எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான திரைமுகப்பு கொண்ட மின்ட் பதிப்போ, உபுண்டுவின் இலகு வடிவமான லுபுண்டுவோ ஓடும். ஆனால் இன்று ரேமைத் தின்பது இயங்குதளத்தைவிட உலாவியே. கனமான ஓர் இணையப்பக்கம் சில நூறு எம்பியை விழுங்கிவிடுகிறது. ரேமைக் கூட்டவும் பழைய வன்தட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி போடவும் முடிந்தால், எந்த வழங்கலும் தராத வேகம் அதில் கிடைக்கும். செயலி 32 பிட் மட்டுமே என்றால் விட்டுவிடுங்கள்; டெபியனே 2025-இல் வெளியான 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

கேள்வி: தமிழ்99 முறையில் தட்டச்சிடுகிறேன். அது இருக்குமா?

பதில்: இருக்கும். மென்பொருள் மேலாளரில், பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ், ஐபஸ்-எம்17என் இரண்டையும் நிறுவி, வெளியேறி மறுபடி நுழைந்து, ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண விசைப்பலகை அமைப்பிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று தென்படும். அதைத் தேர்ந்துவிட்டு, புள்ளி தானாக விழவில்லையே என்று குறைபட்டுக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐபஸ் வழியில் அம்மா என்று அடிக்க அ, ம, ம, ஆ என்ற நான்கு தட்டல்கள் போதும்; முதல் மகரத்தின் மேல் புள்ளி தானே விழும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மட்டும் மாறும் முன் யுனிகோடுக்கு மாற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கறுப்புத் திரையில் கட்டளைகளை அடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பதில்: நீங்கள் குறிப்பிடும் முனையம், அன்றாட வேலைக்குத் தேவையில்லை. மென்பொருள் நிறுவுவதற்கும் புதுப்பிப்பதற்கும் தனித்தனிச் சாளரங்கள் இருக்கின்றன. ஏதோ ஒரு சிக்கலுக்குத் தீர்வு தேடும்போது, சூடோ என்று தொடங்கும் கட்டளையை ஒட்டச் சொல்வார்கள். அந்தச் சொல் கணினியின் முழு அதிகாரத்தையும் கேட்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்து, பொருள் புரியாத கட்டளையை ஒட்டாதீர்கள். மின்ட்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி உண்டு. முதல் நாளே அதைத் திறந்து வாரம் ஒரு முறை பதிவெடுக்கும்படி அமைத்துவிட்டால், ஏதேனும் குளறுபடி நேர்ந்தாலும் இயங்குதளத்தைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம். இயல்பு அமைப்பில் அது உங்கள் கடிதங்களையும் படங்களையும் பதிவெடுப்பதில்லை. அவற்றுக்கு வெளி வன்தட்டில் தனி நகல் வேண்டும்.