ஆண் துணை இல்லாத ஆமை முட்டையிடுமா? நாம் என்ன செய்து தர வேண்டும்?

உங்கள் சிவப்புக்காது ஆமை இரை எடுக்காமல் தொட்டிச் சுவரைப் பிறாண்டுகிறது, வெளியே ஏறப் பார்க்கிறது, ஆண் ஆமையே இல்லையே, இது முட்டைக்காகவா என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த பெண் என்றால் பெரும்பாலும் அதேதான். சேவல் இல்லாத கோழி முட்டையிடுகிறதே, அதே கதை. அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். ஆனால் முன்பு எப்போதாவது ஆணோடு இருந்திருந்தால் கருவுள்ள முட்டையும் வரலாம். விந்தை உடம்புக்குள் ஆண்டுக்கணக்கில் சேமித்து வைக்கும் இனம் இது.

முட்டையை அப்புறம் பார்க்கலாம், முதலில் மண்ணுக்கு வழி செய்யுங்கள். மணலும் மண்ணும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் ஈரத்தில், ஒரு அடி ஆழத்துக்கு ஒரு பெரிய டப்பில் நிரப்பி, அதில் விட்டுவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பாதியில் நிறுத்திவிடும். என் ஆமை மண்ணை முகர்ந்து பார்த்து, ரெண்டு இடம் தோண்டிக் கைவிட்டு, மூன்றாவது இடத்தில்தான் உட்காரும். மண் இறுகியிருந்தால் சிறுநீர் விட்டு இளக்கிக்கொள்ளும். பின்னங்கால்களை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, பாதத்தைக் குவித்து மண்ணை அள்ளி வெளியே வைக்கும். திரும்பியே பார்க்காது. விழும் முட்டையையும் அதே காலால் ஒதுக்கிவைத்து, மூடி, அடி ஓட்டால் அழுத்திவிட்டுப் போய்விடும்.

மண் கிடைக்காவிட்டால் சில ஆமைகள் தண்ணீரிலேயே போட்டுவிடும். சில அடக்கி வைத்துக்கொள்ளும், ஆபத்து அங்கேதான். முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே உலை. மண் வைத்தும் முட்டை வராமல் சோர்ந்து கிடந்தாலோ, முக்கிக்கொண்டே இருந்தாலோ, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். எக்ஸ்ரேயில் முட்டை தெரியும், தேவைப்பட்டால் ஊசி போடுவார். வீட்டில் அமுக்கிப் பார்க்கும் வேலையே வேண்டாம். கால்சியத்துக்குக் கடல் நுரை (கணவாய் மீனின் உள் ஓடு) துண்டு ஒன்றைத் தண்ணீரில் மிதக்கவிடலாம்.

கரு இருக்கும் என்று நினைத்தால் முட்டையின் மேல்பக்கம் பென்சிலால் குறியிட்டு, புரட்டாமல் எடுங்கள். புரட்டினால் ஓட்டோடு ஒட்டிய கரு செத்துப்போகலாம். பொரிக்க ரெண்டு, ரெண்டரை மாதம் ஆகும். முட்டை இருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 29 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகப் போகக் குஞ்சுகள் பெண்கள், கீழே ஆண்கள். கரு இல்லாததை எடுத்துப் போட்டுவிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டப்பை மட்டும் கலைத்துவிடாதீர்கள். ஒரே பருவத்தில் சில வாரம் கழித்து மறுபடியும் முட்டையிடுவதுண்டு.