கண் சொட்டு மருந்து: வாங்கும் முன் பாட்டிலைப் படியுங்கள்

அரிசி ஆலையில் வேலை. கண்ணில் உமி விழுந்து உறுத்தியது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டு மருந்தில் இரண்டு நாளில் சிவப்பு போனது. இப்போது கருவிழியில் வெள்ளைப் புள்ளி. இன்னொரு பாட்டில் வாங்கலாமா? (புதுவயல்)

வேண்டாம் ஐயா. இன்றே காரைக்குடி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினால் தள்ளிப்போடாதீர்கள். பழைய பாட்டிலையும் கையோடு கொண்டுபோங்கள்.

உங்கள் மேல் தவறில்லை. கேட்காமலே எடுத்துக் கொடுத்தவர் மேல்தான் எனக்குக் கோபம். மாக்சிஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும். உமி, நெல் தோகை, முள் பட்ட கண்ணில் பூஞ்சை பிடிப்பது நம் பக்கத்தில் சாதாரணம். அதற்கு நாட்டமைசின் போன்ற வேறு மருந்து வேண்டும். புண்ணைச் சுரண்டிச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.

அதைவிட மோசம், ஸ்டீராய்டு கலந்த பாட்டில். பிராண்ட் பெயர் அதேதான். வாலில் ஒன்றிரண்டு எழுத்து மட்டும் கூடியிருக்கும். உள்ளே டெக்சாமெத்தசோன். சிவப்பும் வலியும் சட்டென்று அடங்குவதால் ஆறிவிட்டது என்று நம்பிவிடுவோம். அடியில் பூஞ்சை தங்குதடையில்லாமல் வளரும். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறலாம், புரையும் விழலாம். டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டிய மருந்து இது. லேபிளில் சிவப்புக் கோடும் இருக்கிறது. அப்படியும் இருமல் மிட்டாய் மாதிரி விற்கிறார்கள். பிராண்டை விடுங்கள், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்று இருந்தால், டாக்டர் எழுதாமல் தொடாதீர்கள்.

வீட்டில் நாலு பேருக்கும் மெட்ராஸ் ஐ. ஒரே பாட்டில் போதுமா? (தேவகோட்டை)

போதாது. ஒருவர் பாட்டிலை இன்னொருவர் தொடவே கூடாது. மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைக் குறைக்காது. கை கழுவுங்கள், துண்டையும் தலையணையையும் பிரித்து வையுங்கள். கெட்டியாகப் பீளை தள்ளினாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆச்சிக்குப் பொங்கலுக்கு வாங்கிய மருந்து பாதி மிச்சம். இன்னும் ஒரு வருஷம் தேதி இருக்கிறதே? (கானாடுகாத்தான்)

அந்தத் தேதி திறக்காத பாட்டிலுக்கு. திறந்தால் பொதுவாக நாலு வாரம்தான். எத்தனை முறை எழுதுவது? திறந்த அன்றே தேதியைப் பாட்டிலில் குறித்து வையுங்கள். மிச்சத்தைக் கொட்டுங்கள்.

மூன்று சொட்டு விட்டால் சீக்கிரம் ஆறுமா? (பள்ளத்தூர்)

ஆறாது. கண்ணில் ஒரு சொட்டுக்கு மேல் நிற்காது. இரண்டு மருந்து எழுதியிருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள்.

காலாவதியான மருந்தைக் கொடுத்துவிட்டு, பில்லும் தர மறுக்கிறார்கள். (காரைக்குடி)

உங்கள் ஆத்திரம் நியாயம். என் அம்மாவுக்கு வாங்கிய பாட்டிலில் காலாவதித் தேதியின் மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார் ஒரு கடைக்காரர். பிரித்துப் பார்த்தால் தேதி எப்போதோ முடிந்திருந்தது. பில் கையில் இருந்ததால்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்த மருந்துகளுக்கு பேட்ச் எண் போட்டு பில் தருவது அவர்கள் கடமை. பாட்டிலையும் அட்டையையும் படம் எடுத்து வையுங்கள். யு.பி.ஐ.யில் கட்டியிருந்தால் அந்த ரசீதும் சான்றுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள், மருந்து ஆய்வாளருக்கும் எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போடலாம்; பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது.