இடியன் துவக்கு: கேப் மேல் பழி போடாதீர்கள்

இடியன் என்பது குழல் வாய் வழியே கருமருந்து (பழைய வகை, புகை வரும் வெடிமருந்து) போட்டு இடித்துச் சுடும் துவக்கு. குதிரை, அதாவது அடிக்கும் சுத்தியல், தட்டியதும் வெடித்து மருந்துக்கு நெருப்பு வைக்கும் சின்னச் செப்புத் தொப்பிதான் கேப். அது மாட்டும் துளையுள்ள முனை நிப்பிள். இனி வாசகர் கேள்விகள்.

10ஆம் நம்பர் கேப் வாங்குவதா, 11 வாங்குவதா? (ரொறொன்ரோ)

என்ன துவக்கு, என்ன நிப்பிள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாமே! பெரும்பாலானவற்றுக்கு 11 சரிவரும். ஆனால் ஒரு கம்பெனியின் 11 இன்னொரு கம்பெனியின் 10 அளவில் இருக்கும், நம்பரை மட்டும் நம்ப முடியாது. இரண்டிலும் ஒரு டின் வாங்கி, மருந்து போடாத துவக்கில் வைத்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் அடிவரை இறங்க வேண்டும், குழலைச் சரித்தாலும் விழக்கூடாது. லூசான கேப்பை நசுக்கி மாட்டுகிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன்.

முதல் அடியில் வெடிக்காத கேப் இரண்டாம் அடியில் வெடிக்கிறது. ஏன்? (தம்பலகாமம்)

கேப் முழுதாக இறங்கவில்லை. முதல் அடி அதை இறக்குகிறது, இரண்டாவது வெடிக்க வைக்கிறது. குதிரை அடித்து அடித்து நிப்பிளின் வாய் தட்டையாகி விரிந்திருக்கும். புதிது மாற்றுங்கள்.

கேப் 'டப்' என்று வெடிக்கிறது, மருந்து பற்றவில்லை. மாரியில் இன்னும் மோசம். கேப் பழுதா? (மூதூர்)

மாதம் ஒரு தடவையாவது இந்தக் கடிதம் வருகிறது. கேப்தான் வெடித்துவிட்டதே ஐயா, பிறகு அது எப்படிப் பழுதாகும்? நெருப்பு நிப்பிள் வழியே போய், ஒரு வளைவு திரும்பி, மருந்தைத் தொட வேண்டும். அந்த ஊசித் துளை வழியில் நீங்கள் போன மாதம் விட்ட எண்ணெய் நிற்கிறது. துருவுக்குப் பயந்து குழலுக்குள் எண்ணெயை ஊற்றுகிறீர்கள், துவக்கைச் சுவரில் நிமிர்த்தி வைக்கிறீர்கள், எண்ணெய் அடியில் போய்த் தேங்குகிறது. அதன்மேல் மருந்தைக் கொட்டினால் சேறுதான். என்னிடம் ஒருவர் மூன்று டின் கேப்பைக் 'கள்ளச் சாமான்' என்று தூக்கி எறிந்துவிட்டு வந்தார். நிப்பிளைக் கழற்றியதும் என் மேசையில் எண்ணெய் சொட்டியது.

மாரியில் மோசமாவதற்குக் காரணம் மருந்து அல்ல. நல்ல கருமருந்தில் இருப்பது பொட்டாசியம் வெடியுப்பு, அது லேசில் ஈரம் இழுக்காது. சுட்ட பிறகு குழலில் மிஞ்சும் கரிதான் ஈரத்தை உறிஞ்சும். திருகோணமலைக் கடற்காற்றில் ஓர் இரவு விட்டால் போதும், விடியும்போது துளை பசை பிடித்து அடைத்திருக்கும். அன்றன்றைக்கே சவர்க்காரம் போட்ட சுடுதண்ணீரால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, எண்ணெயை மெல்லிசாகத் தடவுங்கள். சுடும் நாளில் அதையும் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு வெறும் துவக்கில் இரண்டு கேப் அடியுங்கள், குழல் வாயை ஒரு காய்ந்த இலைக்கு நேராகப் பிடித்து. இலை ஆடினால் வழி திறந்திருக்கிறது. ஆடாவிட்டால் மருந்து போடாதீர்கள்.

கேப் எவ்வளவு நம்பகமானது என்று சந்தேகமா? 1834இல் இங்கிலாந்தின் வுல்விச்சில் கல் துவக்கையும் (சிக்கிமுக்கிக் கல் பொறியில் பற்றுவது) கேப் துவக்கையும் 6000 தடவை வீதம் சுட்டுப் பார்த்தார்கள். கல் சுமார் 900 தடவை ஏமாற்றியது, கேப் 40கூட இல்லை. பழி போடுவதற்கு முன்னால் எண்ணெயைப் பாருங்கள்.

கருமருந்து கிடைக்கவில்லை, பைரோடெக்ஸ் போடலாமா? (மெல்பேர்ண்)

போடலாம். ஆனால் அது பற்றுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும். சூடான 'மாக்னம்' கேப் எடுங்கள், அல்லது நிப்பிளை மாற்றிப் பெரிய மஸ்கட் கேப்புக்குப் போங்கள். அளவைத் தராசில் நிறுக்கக் கூடாது, கருமருந்துக்கான அளவுக் குழாயாலேயே அளக்க வேண்டும். ஒரே நிறைக்கு இது கூடக் கொள்ளளவு பிடிக்கும்.

2எஃப் மருந்தா, 3எஃப் மருந்தா? (லண்டன்)

எஃப் கூடினால் பொடி நுண்மை. 50 காலிபருக்கு (குழல் துளை அரை அங்குலம்) கீழே 3எஃப், மேலே 2எஃப். பொடி நுண்மையாக இருந்தால் லேசில் பற்றும், அழுத்தமும் கூடும். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். உள்ளே ஒரு கங்கு கிடந்தால் குடுவை கையிலேயே வெடிக்கும்.

தோட்டாவை உடைத்து அந்த மருந்தை இடியனில் போட்டால் பலமாக இருக்குமா? (பெயரில்லை)

பலமாகத்தான் இருக்கும், உங்கள் கைக்கு. புகையில்லா மருந்தின் அழுத்தத்தைத் தாங்க அந்தக் குழல் செய்யப்படவில்லை. ஒரு சிட்டிகைகூட வேண்டாம். தீக்குச்சி மருந்தில் கேப் செய்வது பற்றிக் கேட்டவருக்கும் இதே பதில்.

கட்டுத்துவக்குக்கு எந்தக் கேப் நல்லது? (கந்தளாய்ப் பக்கம்)

பதில் கிடையாது. கம்பி தட்டுப்பட்டால் தானே சுடும்படி கட்டிவைக்கும் துவக்கு அது, சட்டவிரோதம். பன்றிக்கு வைத்த கம்பியில் விறகு பொறுக்கப் போனவரின் கால் போகும். துவக்கு லைசன்ஸ் வேண்டுமென்றால் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போங்கள்.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் உடனே திருப்பிப் பார்க்கலாமா? (கிண்ணியா)

கூடாது! குழலை இலக்கின் பக்கமே பிடித்து ஒரு முழு நிமிடம் நில்லுங்கள், இரண்டு என்றால் இன்னும் நல்லது. தாமதித்து வெடிப்பது உண்டு. பிறகு கேப்பை மாற்றுங்கள். அப்போதும் இல்லையென்றால், எண்ணெய்.

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பீரங்கிகளுக்கும் கேப்பா? (பாடசாலை மாணவர்)

இல்லை தம்பி. கோட்டைக்கு அந்தப் பெயர் வந்தது 1803இல். ஃபோர்சித் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்குக்குக் கொண்டுவந்து உரிமம் எடுத்தது 1807இல், செப்புக் கேப் அதற்கும் பிந்தியது. அந்தக் காலப் பீரங்கிக்குப் பின்துளையில் மருந்து தூவித் திரியால் நெருப்பு வைப்பார்கள்.