வட்டமடிக்கும் குதிரை

கேள்வி: என் மகள் ஞாயிறுதோறும் எலஹங்கா பக்கம் குதிரையேற்றம் பழகுகிறாள். ஆறு மாதமாகியும் தடை தாண்ட விடவில்லை. டிரெஸ்ஸாஜ் என்று சொல்லி வட்டமடிக்கவே விடுகிறார்கள். குதிரையை ஆடவைக்கும் வித்தைதானே அது, இவளுக்கு எதற்கு?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: டிவியில் பார்த்தால் ஆட்டம் மாதிரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்குப் பழக்குதல் என்றே பொருள். நிற்கும் குதிரையின் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. ஆள் ஏறினால் அந்தப் பாரமும் பெரும்பாலும் முன்னுக்கே போகும். பழகாத குதிரை கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு ஓடும். முன்னங்கால் மூட்டும் தசைநாணும் சீக்கிரம் கெடும். பின்னங்காலை வயிற்றுக்கடியில் எட்டிவைத்துப் பாரத்தை அங்கே ஏந்தச் செய்வதுதான் பாடம். தடை தாண்டும்போது உந்தித் தூக்குவதும் அதே பின்னங்கால்தானே.

20 மீட்டர் வட்டத்தில் சுற்றும்போது உட்புறப் பின்னங்கால் கூடுதலாக வேலை செய்தாக வேண்டும். நம்மைப் போலக் குதிரைக்கும் ஒரு பக்கம்தான் வாகு. அதனால் இடம், வலம் இரண்டும் மாற்றிச் சுற்றவேண்டும். புதியவர்கள் அதிகம் செய்யும் தப்பு, லகானை இழுத்துத் தலையைக் குனியவைப்பது. கழுத்து அழகாக வளைந்துவிடும். முதுகு தொய்ந்து, பின்னங்கால் பின்னாலேயே இழுபடும். முதலில் காலால் அழுத்தி முன்னே அனுப்பவேண்டும், பிறகுதான் கை. மகளின் குதிரை நடந்துபோன மணலைப் பாருங்கள். பின்குளம்பு முன்குளம்பின் தடத்திலோ அதைத் தாண்டியோ விழுந்தால் நல்ல அறிகுறி. குளம்படித் தாளத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். ஒவ்வொரு எட்டுச் சுற்றிலும் நடைக்கு 4 தட்டு, டிராட் என்ற துள்ளோட்டத்துக்கு 2, கேன்டர் என்ற மிதமான பாய்ச்சலுக்கு 3. (நம் பழைய நூல்கள் குதிரைக்கு ஐங்கதி சொல்லும், இங்கே மூன்றோடு சரி.)

இதன் வேர் போர்க்களத்தில். ஒரு கையில் ஆயுதம் இருக்கும்போது மறுகையின் சிறு அசைவுக்கே திரும்பும் குதிரை வேண்டியிருந்தது. கோபத்தோடு குதிரையை அணுகாதே என்று கிரேக்கப் படைத்தலைவர் செனோஃபோன் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் சேர்ந்தபோதும் பட்டாள அதிகாரிகளுக்குத்தான் இடம். பெண்கள் இறங்க முடிந்தது 1952இல்.

கேள்வி: நம்ம ஊர் குதிரையேற்ற வீரர் ஃபவாத் மிர்சா பதக்கம் வாங்கியது இதிலா?
– வாசகர், ஜாலஹள்ளி, பெங்களூரு

பதில்: இல்லை, ஈவென்டிங்கில், 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி. டிரெஸ்ஸாஜில் இந்திய அணிக்குத் தங்கம் கிடைத்தது 2023இல், ஹாங்சோவில். ஈவென்டிங்கில் ஒரே குதிரை டிரெஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி என்ற திறந்தவெளி ஓட்டம், தடை தாண்டல் மூன்றையும் செய்யவேண்டும். முதல் சுற்று டிரெஸ்ஸாஜ்தான்.