வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகள் கையால் மண் கிண்ணம்

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆறு, ஏழாம் வகுப்புகளில் 120 பிள்ளைகள். மண் கிண்ணம் செய்து விற்று, பசித்தவர்களுக்குச் சோறு போடும் அமைப்புக்குப் பணம் தர விரும்புகிறோம். எவ்வளவு மண் வேண்டும்? எங்கே தவறும்?
– ஓவிய ஆசிரியை, அல்சூர், பெங்களூரு

பதில்: அருமையான எண்ணம், கட்டாயம் செய்யுங்கள். 1990இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஜான் ஹார்ட்டம் என்ற ஓவிய ஆசிரியர் தொடங்கிவைத்த வழி இது. மாணவர்கள் செய்த கிண்ணத்தில் விருந்தினருக்கு சூப் ஊற்றினார்கள். கிண்ணம் விருந்தினர் வீட்டுக்கு, பணம் பசிப்பிணி தீர்க்க. நம் ஊரில் சூப்புக்குப் பதில் ராகிக் கூழ் ஊற்றலாம்.

பிள்ளைக்கு 400 கிராம் வீதம், மிதித்துப் பிசைந்த மண் 48 கிலோ. ஆனால் 55 கிலோவாகச் சொல்லிவையுங்கள். மிச்ச 7 கிலோவில் 17 கிண்ணம் கூடுதலாகச் செய்துகொள்ளலாம். சூளையில் சில உடையத்தான் செய்யும். எந்தப் பிள்ளையும் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. பென்சன் டவுனை அடுத்த பாட்டரி டவுனில் குயவர்களிடம் மண்ணுக்கும் சுட்டுத் தருவதற்கும் சேர்த்தே பேசலாம். விநாயகர் சதுர்த்தி, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மட்டும் போகாதீர்கள், அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை இருக்கும்.

மண்ணை உருட்டி, நடுவில் கட்டைவிரலை அழுத்தி, சுற்றிச் சுற்றிக் கிள்ளிக்கொண்டே வர வேண்டும். அடி ஒரு சென்டிமீட்டர், சுவர் பென்சில் தடிமன். பிள்ளைகள் தண்ணீரில் கையை முக்கி முக்கித் தடவுவார்கள். சுவர் தொளதொளத்துச் சரிவதும், காயும்போது வெடிப்பதும் அதனால்தான். மேசைக்கு ஒரு ஈர ஸ்பாஞ்சு போதும், தண்ணீர்க் கிண்ணமே வேண்டாம். இரண்டு பீரியடைச் சேர்த்து வாங்குங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் உடன் இருக்கட்டும்.

உலர்த்துவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாகவே இருக்கும். இரண்டும் இழுத்துக்கொண்டு விரிசல் விடும். முதல் இரண்டு நாள் பிளாஸ்டிக் தாளால் லேசாக மூடி, பிறகு நிழலில் செய்தித்தாள் மேல் கவிழ்த்து வையுங்கள். பத்து நாள் ஆகும், மழைக்காலமானால் இரண்டு வாரம். சூளைக்கு அனுப்புமுன் கிண்ணத்தின் அடியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் சூளையில் ஆவியாகி, கிண்ணத்தை வெடிக்கவைத்து, பக்கத்தில் இருப்பதையும் உடைத்துவிடும்.

கேள்வி: சுட்ட கிண்ணத்தில் பிள்ளைகள் பெயின்ட் அடிக்கலாமா?
– ஒரு தாய், ஜீவன்பீமா நகர்

பதில்: உள்பக்கம் கூடவே கூடாது. வெளியே அக்ரிலிக் அடிக்கலாம், விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி. மண் ஈரத்தை உறிஞ்சுவதால் நாளடைவில் அதுவும் உரியும். போஸ்டர் கலர் கழுவியவுடனே போய்விடும். காவி மண் குழம்புதான் எங்கள் தேர்வு: கிண்ணம் பாதி காய்ந்து தோல்போல் இறுகியிருக்கும்போது பூசி, கூழாங்கல்லால் தேய்த்தால் பளபளக்கும், சுட்ட பிறகு உரியாது. கோலமோ மீனோ, ஆணியால் கீறிக்கொள்ளட்டும். பசித்த குழந்தையின் முகத்தை வரையச் சொல்லாதீர்கள். தன் வீட்டு அடுப்படியை வரையட்டும்.

கூழை நேரே ஊற்ற வேண்டாம், கிண்ணத்துக்குள் தொன்னை வையுங்கள். 100 பேருக்கு 20 லிட்டர் போதும்: இரவே கரைத்துப் புளிக்கவைத்த ராகி மாவு 2 கிலோ, நொய் 1 கிலோ, மோர் 3 லிட்டர், மீதி தண்ணீர்.

கேள்வி: விலை எப்படி வைப்பது? பணத்தை யாரிடம் தருவது?
– பெற்றோர் குழு உறுப்பினர், காக்ஸ் டவுன்

பதில்: எல்லாக் கிண்ணத்துக்கும் ஒரே விலை. ஏலம் விட்டால் ஒரு பிள்ளையின் கிண்ணம் இரண்டாயிரத்துக்குப் போகும், இன்னொன்று சீந்துவாரில்லாமல் கிடக்கும்; அந்தப் பிள்ளை அதை மறக்காது. பெயரை அடியில் மட்டும் கீறச் சொல்லுங்கள். உண்டியலோடு பிள்ளைகளைத் தெருவில் அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

மண், சூளைக் கூலி, ஆட்டோச் செலவுக்கு முன்பே ஒரு புரவலரைப் பிடித்துவிட்டால் விற்ற பணம் முழுவதும் உணவுக்கே போகும். எந்த அமைப்பானாலும் முதலில் பேசுங்கள். மிஞ்சும் உணவைப் பசித்தவர்களுக்குக் கொண்டுசேர்க்கும், 2014இல் டெல்லியில் தொடங்கிய ராபின் ஹூட் ஆர்மி என்ற தன்னார்வ அமைப்பு பணமே வாங்குவதில்லை. பணம் வாங்கும் அமைப்பென்றால், ஆசிரியரின் சொந்த எண்ணுக்கு வசூலிக்காமல், அமைப்பின் கணக்குக்கே போகும் கியூஆர் அட்டையைக் கேட்டு வாங்கி மேசையில் வையுங்கள். ரசீது வந்ததும் அதன் நகலை இரண்டு வகுப்புகளிலும் ஒட்டிவிடுங்கள்.