மூளையின் மின்னலைகளை அளந்தால் மனநோய் தெரிந்துவிடுமா?

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் உங்கள் தம்பிக்கு, பெங்களூருவின் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓர் ஆய்வுக்காக மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யப் போவதாகவும், அது வலிக்குமா, அதில் என்ன தெரியும் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வலிக்காது. மின்முனைகள் பொருத்திய தொப்பியை மாட்டி, முடிக்கிடையே பசை தடவுவார்கள். மூளை தானாக எழுப்பும் மின்சாரத்தைத்தான் கருவி பதிவு செய்கிறதே தவிர, வெளியிலிருந்து எதுவும் செலுத்தப்படுவதில்லை. பலர் இதை ஷாக் சிகிச்சை என்று எண்ணி அஞ்சுவதால், அம்மாவிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

பெரும்பாலும் ஹெட்ஃபோனில் ஒரே மாதிரியான ஒலி வந்துகொண்டிருக்கும்; இடையிடையே வேறு சுருதியில் ஒன்று கேட்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். அந்த ஒலிக்குப் பின் சுமார் 300 மில்லி விநாடியில் எழும் அலையே 'பி300'. ஆய்வாளர் சாமுவேல் சட்டன் குழுவினர் 1965இல் இதை விவரித்தார்கள். சில மைக்ரோவோல்ட் அளவே உள்ள இந்த அலை மூளையின் பிற அலைகளுக்குள் மூழ்கிக் கிடப்பதால், அதே ஒலியைப் பலமுறை எழுப்பிச் சராசரி எடுக்கிறார்கள். தொடர்பற்ற அலைகள் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, ஒலிக்கான மறுமொழி மட்டும் மேலெழுந்து நிற்கிறது.

மனச்சிதைவு உள்ளவர்களின் குழுவில் இவ்வலை சராசரியாகத் தாழ்ந்திருக்கிறது. ஆனால் மது அடிமைத்தனத்திலும் முதுமை மறதியிலும்கூட அது தாழ்வதால், ஒருவரின் அலையை மட்டும் பார்த்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது. கவனமும் நினைவும் எந்தக் கட்டத்தில் தடுமாறுகின்றன என்பதை ஆராயவே அது உதவுகிறது.

அன்று தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். மருந்தை நீங்களாக நிறுத்திவிடாமல், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள்.